விசைப்பலகையில் வளரும் மொழி: சொற்செயலிக்கான வகுப்பறைச் செயல்பாடுகள்

பத்தாம் வகுப்பு முடித்து நம்மிடமிருந்து செல்லும் மாணவர்கள், அடுத்து எங்கு சேர்ந்தாலும் ஓரிரு மாதங்களுக்குள் ஒரு கட்டளையைக் கேட்கிறார்கள்: "ஒப்படைவைத் தட்டச்சு செய்து கொண்டு வா." வீட்டில் கணினி உள்ள பிள்ளை அன்றிரவே முடித்துவிடுகிறது. நம் பிள்ளை கடைத்தெருக் கணினி மையத்தில் பக்கத்திற்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து வாங்கி வருகிறது. இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. தான் எழுதியதை வேறொருவர் கையில் ஒப்படைத்து, அவர் செய்த எழுத்துப் பிழைகளுடன் தன் பெயரில் சமர்ப்பிக்கிறது. திருத்தத் தெரிந்திருந்தும் திருத்த முடியாத நிலை அது.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வாரம் ஒரு பாடவேளை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்று சொற்செயலியில் பயிற்சி அளித்து வருகிறேன். இதற்காகப் பாடத்திட்டத்திற்கு வெளியே எதையும் சேர்க்கவில்லை. கடிதம், கட்டுரை, நூல் மதிப்புரை, இலக்கணப் பயிற்சி என நம் பாடநூலில் உள்ளவற்றையே கணினிக்கு மாற்றிக்கொள்கிறோம். அவ்வாறு செய்து பயன் கண்ட சில செயல்பாடுகளை இங்கே பகிர்கிறேன். தமிழாசிரியர் மட்டுமல்லாமல் எந்தப் பாட ஆசிரியரும் இவற்றைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எதை முதலில் கற்பிப்பது?

சொற்செயலி வகுப்பு பெரும்பாலும் பட்டிகளின் பெயர்களில் தொடங்குகிறது. இது தடித்த எழுத்து, இது சாய்ந்த எழுத்து, இது வண்ணம் என்று காட்டியவுடன் பிள்ளைகள் அலங்காரத்தில் இறங்கிவிடுவார்கள். பாடவேளை முடியும்போது திரையில் ஏழு வண்ணங்களில் அவரவர் பெயர் மட்டுமே இருக்கும். எனவே நான் பின்பற்றும் வரிசை இதுதான்: முதலில் தட்டச்சு, அடுத்து சேமிப்பு, அதன் பின் திருத்தம், பிறகு வடிவமைப்பு, கடைசியாக அலங்காரம். அலங்காரத்திற்கு நேரம் கிடைக்காமல் போனாலும் நட்டமில்லை.

முன்னேற்பாடு

நாங்கள் பயன்படுத்துவது லிப்ரே ஆபீஸ் ரைட்டர். கட்டணமற்றது, மைக்ரோசாஃப்ட் வேர்டு பழகியவர்களுக்கும் எளிதில் பிடிபடும். தமிழ் உள்ளீட்டிற்குத் தமிழ் 99 விசைப்பலகை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. லினக்ஸ் கணினிகளில் ஐபஸ் வழியாகவும், விண்டோஸ் கணினிகளில் எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் வழியாகவும் இதைப் பெறலாம்.

நிறுவியதும் ஒரு சோதனை செய்யுங்கள். அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகளை வரிசையாகத் தட்டுங்கள். திரையில் "அம்மா" என்று வந்தால் அமைப்பு சரி. புள்ளி இல்லாமல் வந்தால் தானியங்கிப் புள்ளி வசதி இல்லாத விசைப்பலகையைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று பொருள், மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்துரு ஒருங்குறியாக இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால், அதே எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

அடுத்தது குழு. நாற்பது மாணவர்களுக்குப் பத்துக் கணினிகள் ஓடினால் ஒரு கணினிக்கு நால்வர். எந்த ஒழுங்கும் இல்லாமல் விட்டால் மவுஸைப் பிடித்தவர் கடைசி வரை விடமாட்டார். மாணவிகள் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் நான்கு பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கிறேன். ஒருவர் தட்டச்சு செய்வார். ஒருவர் வாசித்துச் சொல்வார். ஒருவர் திரையைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பார். ஒருவர் செய்த வேலையையும் எழுந்த ஐயங்களையும் குறிப்பேட்டில் பதிவார். எட்டு நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடித்ததும் இடம் மாற வேண்டும். தட்டச்சு செய்பவரைத் தவிர வேறு யாரும் விசைப்பலகையைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் ஒரே கண்டிப்பான விதி.

செயல்பாடு 1: தரையில் விசைப்பலகை

ஆய்வகத்திற்குச் செல்லும் முன் இரண்டு பாடவேளைகள் வகுப்பறையிலும் முற்றத்திலும் நடக்கும். மின்சாரம் தேவையில்லை. முற்றத்தில் சுண்ணக்கட்டியால் தமிழ் 99 விசைப்பலகையைப் பெரிதாக வரைகிறோம். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடப்பக்கம். மெய்யெழுத்து வரிசைக்குரிய பதினெட்டும் பெரும்பாலும் வலப்பக்கம். வ, ங ஆகிய இரண்டு மட்டும் கீழ் வரிசையில் இடக்கை ஆட்காட்டி விரலுக்கு எட்டும். நடுவரிசையின் இடப்பக்கத்தில் புள்ளிக்கு ஒரு விசை.

ஒரு மாணவர் உயிர்ப் பக்கம் நிற்பார். இன்னொருவர் மெய்ப் பக்கம். நான் ஒரு சொல்லைச் சொன்னதும் இருவரும் உரிய கட்டங்களில் முறைப்படி தாவ வேண்டும். "தம்பி" என்றால் மெய்ப் பக்க மாணவர் த, ம, ப மூன்றிலும் தாவ, உயிர்ப் பக்க மாணவர் இ-யில் தாவ வேண்டும். நான்கு தாவல்களில் சொல் முடிந்துவிடும்.

முப்பது எழுத்து விசைகளும் ஒரு புள்ளி விசையும் சேர்ந்து 246 எழுத்துகளைத் தருகின்றன. ஆய்தத்திற்கு மட்டும் ஷிப்ட் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கிறது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். இங்கே அது காலால் தாவிப் பார்த்துக்கொள்ளும் உண்மையாகிறது. "ஐயா, க என்ற விசையில் மெய்தானே இருக்க வேண்டும், ஏன் அகரம் ஏறிய எழுத்து இருக்கிறது?" என்று கேட்கும் மாணவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கலாம். புள்ளி பெறாத மெய் அகரத்தோடு நிற்கும் என்பதை விளக்க அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

செயல்பாடு 2: புள்ளி எங்கிருந்து வந்தது?

இது ஆய்வகத்தில் நடக்கும் முதல் வகுப்பு. நடுவரிசை எழுத்துகளை மட்டும் கொண்டு தொடங்குகிறோம். இடக்கைக்கு அ, இ, உ, புள்ளி, எ. வலக்கைக்கு க, ப, ம, த, ந, ய. "கபமதநய" என்று பாட்டுப் போலச் சொல்லிப் பழகிவிடுவார்கள். இவற்றைக் கொண்டே அது, இது, பந்து, கம்பு, கத்தி, முத்து, முகம், இதயம், பக்கம், புத்தகம் எனப் பல சொற்களை எழுதலாம். "தம்பி, இது எந்தப் புத்தகம்?" என்ற முழுத் தொடரின் எழுத்துகள் யாவும் இந்த ஒரு வரிசையிலேயே உள்ளன. முதல் நாளே ஒரு முழுத் தொடரை எழுதிவிட்ட மகிழ்ச்சி மாணவர்களை அடுத்த வாரத்திற்கு இழுத்து வரும்.

அடுத்து, பின்வரும் சொற்களுக்குரிய விசைகளை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு தட்டச்சு செய்து ஒப்பிடச் சொல்கிறேன்: தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, கம்பு, கன்று.

"கன்று" என்பதற்கு க, ன, புள்ளி, ற, உ என ஐந்து விசைகளை எழுதியிருப்பார்கள். தட்டும்போது க, ன, ற, உ என நான்கே போதுமானதாக இருக்கும். புள்ளியைக் கணினியே வைத்துவிடுகிறது. ஏன்? ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய ஆறு இணைகளில் மட்டும் இப்படி நடப்பதைக் குழுக்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் யாராவது ஒருவர் "இன எழுத்து!" என்று கூவுவார். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரும் என்ற இலக்கணத்தை, விசைப்பலகையை வடிவமைத்தவர்கள் உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

ஒரே மெய் அடுத்தடுத்து வந்தாலும் முதல் எழுத்து தானாகப் புள்ளி பெறும். பள்ளி, அம்மா, பட்டம் போன்றவை எளிதாக வருவது அதனால்தான். இதன் பின் "சமம்" என்ற சொல்லைக் கொடுங்கள். ச, ம, ம, புள்ளி என்று தட்டினால் வேறு ஏதோ வரும். ச, ம, அ, ம, புள்ளி என்று இடையில் அகரத்தைத் தட்டினால்தான் "சமம்" கிடைக்கும். பப்பாளி, நந்தவனம் ஆகியவற்றிலும் முதல் எழுத்துக்குப் பின் அகரம் தேவை. எங்கே அகரம் வேண்டும் என்பதை மாணவர்களே முன்கூட்டிச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம்.

"கைபேசியில் ஆங்கில எழுத்தில் அடித்தாலே தமிழ் வருகிறது, பேசினாலும் எழுதிவிடுகிறது, பிறகு இது எதற்கு?" என்ற கேள்வி வரும். வரட்டும். கைபேசியில் அவ்வாறு எழுதுவதில் தவறில்லை என்றே சொல்கிறேன். ஆனால் அங்கே ல, ள, ழ மூன்றில் எது என்பதைப் பரிந்துரையிலிருந்து தேர்ந்தெடுக்கிறோம். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு. விரலை வைக்கும் முன்பே நாம் முடிவு செய்தாக வேண்டும். மயங்கொலிப் பிழைகளைக் குறைக்க இது உதவுகிறது.

செயல்பாடு 3: கோப்பைத் தேடு

ஒரு வாரம் எழுதியது அடுத்த வாரம் கிடைக்கவில்லை என்றால் மாணவரின் ஆர்வம் அன்றோடு போய்விடும். எனவே கோப்பின் பெயரிடல் ஒரு தனிப் பாடம். வகுப்பு, குழு எண், பொருள், நாள் என்ற வரிசையில் "9அ-குழு4-கடிதம்-0210" என்பது போலப் பெயர் வைக்கிறோம். பிறகு ஒரு போட்டி. ஒரு குழுவின் கோப்பை இன்னொரு குழு ஒரு நிமிடத்திற்குள் தேடித் திறக்க வேண்டும். "பெயரிடப்படாதது 1" என்று விட்ட குழுவின் கோப்பு கிடைக்காது; அந்தக் குழுவுக்குப் பாடம் புரிந்துவிடும். எங்கள் ஊரில் மின்தடைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு முறை மணி அடித்து இடம் மாறும்போதும் கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்திச் சேமித்த பிறகே எழ வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம்.

செயல்பாடு 4: கல்லும் செங்கல்லும்

தேடி மாற்றும் வசதியைக் கற்பிக்க நான் முன்கூட்டியே ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து வைக்கிறேன். அதில் கல், கல்லை, கற்கள், கல்வி, பகல் ஆகிய சொற்கள் இருக்கும். "கல்" என்பதைத் தேடி "செங்கல்" என்று ஒரே கட்டளையில் மாற்றச் சொல்கிறேன். கல்வி "செங்கல்வி" ஆகிவிடும். பகல் "பசெங்கல்" ஆகிவிடும். வகுப்பே சிரிக்கும்.

சிரிப்பு அடங்கியதும் கேள்விகள். "கற்கள்" ஏன் மாறவில்லை? லகரம் றகரமாகத் திரிந்துவிட்டதால் கணினிக்கு அது வேறு சொல். முழுச் சொல்லை மட்டும் மாற்று என்ற தெரிவைப் பயன்படுத்தினால் கல்வியும் பகலும் தப்பிக்கும். ஆனால் "கல்லை" மாறாமல் நின்றுவிடும். வேற்றுமை உருபு சேர்ந்ததால் அதுவும் வேறு சொல்லாகிவிட்டது. எனவே ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே தமிழுக்குப் பாதுகாப்பான வழி என்ற முடிவுக்கு மாணவர்களே வருவார்கள்.

இரண்டாவது பத்தியில் ஒரு சிறுவனைப் பற்றிய கதை. "அவன்" என்பதை "அவள்" என்று மாற்றச் சொல்வேன். "அவள் வந்தான், அவள் சிரித்தான்" என்று வரும். பெயரை மாற்றினால் வினைமுற்றும் மாற வேண்டும் என்பதைக் கணினி அறியாது. எழுதுபவர்தான் அறிய வேண்டும். பால் வழு பற்றிய பயிற்சியாக இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எழுத்துப் பிழை காட்டும் சிவப்புக் கோட்டைப் பற்றியும் இங்கேயே பேசிவிடுகிறேன். பல உருபுகள் சேர்ந்த சரியான தமிழ்ச் சொல்லின் கீழும் அந்தக் கோடு விழும். கோடு விழுந்தால் அகராதியையோ ஆசிரியரையோ கேள். கோட்டுக்குப் பயந்து சரியானதை அழிக்காதே.

செயல்பாடு 5: இடைவெளிப் பட்டைக்கு விடுமுறை

கடிதத்தில் இடம், நாள், இப்படிக்கு ஆகியவற்றை உரிய பக்கத்தில் அமைக்க மாணவர்கள் இடைவெளிப் பட்டையை முப்பது நாற்பது முறை தட்டுவார்கள். பார்வைக்குச் சரியாகவே இருக்கும். அதை உடனே தவறு என்று சொல்வதில்லை. எழுத்தின் அளவை 12லிருந்து 14ஆக மாற்றச் சொல்கிறேன். "இப்படிக்கு" அடுத்த வரிக்குச் சரிந்துவிடும், கடிதமே கலைந்துவிடும்.

இப்போது ரைட்டரில் கண்ட்ரோல் விசையுடன் எஃப் 10 விசையை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் தெரியும். ஒவ்வோர் இடைவெளியும் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளின் ஊர்வலத்தைப் பார்த்ததும் மாணவர்களுக்குக் காரணம் விளங்கும். வலப்புறச் சீரமைப்பு, தாவல் விசை, பத்தி இடைவெளி ஆகியவற்றைக் கற்பிக்க இதுவே நேரம். புதிய பக்கம் வேண்டுமென்றால் என்டர் விசையை வரிசையாகத் தட்டாமல் கண்ட்ரோலுடன் என்டரை ஒருமுறை அழுத்தினால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

செயல்பாடு 6: ஊருக்கு ஒரு கடிதம்

பயிற்சிகள் எவ்வளவு சுவையாக இருந்தாலும், எழுதியது ஒருவரிடம் போய்ச் சேரும் என்று தெரிந்தால்தான் மாணவர் கவனமாக எழுதுகிறார். எங்கள் ஒன்பதாம் வகுப்பினர் அக்டோபர் 2 கிராம சபைக்காக மனுக்கள் எழுதினார்கள். வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கோரிக்கைகளைத் திரட்டி, வகுப்பில் பேசி, மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: பேருந்து நிறுத்தத்தில் விளக்கு, பள்ளியின் பின்புறச் சாக்கடைக்கு மூடி, நூலகக் கட்டடத்தின் ஒழுகும் கூரை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பாடநூலில் படித்த அதே வடிவம். இரண்டு பாடவேளைகள் தட்டச்சும் திருத்தமும். ஒரு மாணவியின் தாயார் சபையில் மனுவை எழுந்து நின்று வாசித்தார்.

விளக்கு வந்தது. மற்ற இரண்டும் நடக்கவில்லை. ஜனவரி 26 கிராம சபைக்கு மாணவர்கள் பழைய கோப்பைத் திறந்து, புதிய பெயரில் சேமித்து, நாளை மாற்றி, "பார்வை" என்ற இடத்தில் முந்தைய மனுவைக் குறிப்பிட்டு மீண்டும் அச்சிட்டார்கள். பத்து நிமிட வேலை. கையால் எழுதிய மனுவுக்கும் கணினியில் சேமித்த மனுவுக்கும் உள்ள வேறுபாட்டை அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது சில மாணவர்கள் அக்கம்பக்கத்தாருக்கும் மனு எழுதித் தருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பிறருக்காக எழுதும்போது ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவை பொதுக் கணினியில் தங்கிவிடக்கூடாது. அந்த இடங்களைக் கோடிட்டு விட்டு, அச்சிட்ட பின் கையால் நிரப்பச் சொல்லுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் முதல் இரண்டு செயல்பாடுகளே போதும். அட்டையில் விசைப்பலகை வரைந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், எழுத்து அறிமுகத்திற்கும் சொல் விளையாட்டிற்கும் பயன்படும். ஒரு மடிக்கணினி இருந்தால், அட்டையில் விரல் வைத்துப் பழகிய குழந்தை தன் முறை வரும்போது ஒரு சொல்லை மட்டும் தட்டிப் பார்க்கட்டும். வாரம் ஒரு சொல் போதும், அவசரம் வேண்டாம்.

மதிப்பீடு

"சொற்செயலி என்றால் என்ன?" என்ற வினாவை நான் கேட்பதில்லை. பின்வரும் ஐந்தையும் செய்து காட்டச் சொல்கிறேன். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவும் இதைப் பதிவு செய்யலாம்.

1. கொடுத்த ஐந்து வரிப் பத்தியைத் தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்தல்.
2. உரிய பெயரில் சேமித்து, மூடி, மீண்டும் திறத்தல்.
3. வரிசை மாறிய மூன்று பத்திகளை வெட்டி ஒட்டிச் சரியான வரிசையில் அமைத்தல்.
4. ஐந்து பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துதல்.
5. இடைவெளிப் பட்டையைப் பயன்படுத்தாமல் ஒரு கடிதத்தைச் சீரமைத்தல்.

வேகத்திற்கு மதிப்பெண் இல்லை. வேகத்தை அளந்தால் வீட்டில் கணினி உள்ளவரே எப்போதும் முன்னால் நிற்பார்.

நான் கண்ட மாற்றம்

கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் பத்து இடங்களில் திருத்திக் கொடுத்தால், மாணவர் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும். அதற்கு அஞ்சியே பலர் அடுத்த முறை குறைவாக எழுதுகிறார்கள். திரையில் பிழையை மட்டும் திருத்தினால் போதும். கையெழுத்து சரியாக வராததால் கட்டுரை ஏட்டையே காட்டாமல் இருந்த ஒரு மாணவர், தட்டச்சு செய்யத் தொடங்கிய பின் ஒரு பக்கத்திற்கு மேல் எழுதுகிறார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது; தடையாக நின்றது கையெழுத்து மட்டுமே என்பது அப்போதுதான் தெரிந்தது. தேர்வைக் கையால்தான் எழுத வேண்டும் என்பதால் கையெழுத்துப் பயிற்சியையும் அவர் விடவில்லை. ஆனால் இப்போது அவரிடம் எழுதுவதற்குப் பொருள் இருக்கிறது.

எங்கள் பத்தாம் வகுப்பினர் பள்ளியை விட்டுச் செல்லும் முன், ஒவ்வொருவரும் தம் சொந்த விண்ணப்பக் கடிதம் ஒன்றைத் தாமே தட்டச்சு செய்து அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். உங்கள் பள்ளியில் ஓடும் கணினி இரண்டே என்றாலும், முற்றமும் சுண்ணக்கட்டியும் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம்.